இரண்டு ரொட்டி

ஜனவரி 1894. கால்டர் பள்ளத்தாக்கு.
ஏழைநிவாரண அலுவலகத்தின் மரத்தடுப்புக்கு அப்பால்
நின்றவள் கெஸையா பாரக்ளஃப்.
நெசவாலையில் நாளெல்லாம் அறுந்த இழை முடிந்த விரல்கள்
இன்று சொந்தப் பொத்தானுக்கு அடங்கவில்லை.
தடுப்புக்கு இப்பால் சிரில் வென்டோவர்,
தெற்கே சசெக்ஸிலிருந்து வேலைக்கு வந்து பதினோராம் நாள்.

"என்ன வேண்டும்?"
"ஸ்டார்வ் ஆகிக் கிடக்கிறோம் ஐயா,
நானும் பிள்ளையும்."

அவர் கல்நெஞ்சரில்லை.
விதிப்படி ஒரு ரொட்டி. இரண்டாகப் போட்டார்.
பதிவேட்டில் எழுதினார்: பசி.

அந்தச் சொல்லுக்கு ஆதியில்
பசி தெரியாது, குளிரும் தெரியாது.
சாதல். அவ்வளவுதான்.
போர்க்களத்தில், பேற்றுப்பாயில், எண்பது வயதில் தூக்கத்தில்,
எந்தச் சாவு வீட்டுக்கும்
அந்த ஒரு சொல்தான் போய் நின்றது.
அதற்கும் முந்தி, எழுத்தே இல்லாத நாளில்,
விறைத்தல் என்று இருந்திருக்கும் என்கிறார்கள்.
(நமக்கும் விறைப்பது குளிரில் பாதி, பிணத்தில் பாதி.)
சான்று கிடையாது.
சான்றில்லாத வேர்களுக்கு முன்னால்
ஓர் உடுக்குறி போடுவது
மொழிநூல்காரர் வழக்கம்.

பிறகு வடகடலில் நீண்ட படகுகள்.
டேனியர் கோடரி கொண்டுவந்தார்கள்,
மான்கொம்பில் சீப்பு கொண்டுவந்தார்கள்,
சாவதற்கு ஒரு சொல்லும்: டை.
கழுத்தில் கட்டுவதில்லை, தலைக்குப் பூசுவதுமில்லை,
இது வேறு.
ஒண்ட வந்த பிடாரி
ஊர்ப் பிடாரியை உடனே விரட்டிவிடவில்லை.
நூற்றாண்டுக் கணக்கில் ஒரே கூரையின் கீழ்
இரண்டும் உலை வைத்தன.
கடைசியில் மொத்தச் சாவையும் டை எழுதி வாங்கிக்கொண்டது.
பழையதற்குப் பங்காகக் கிடைத்தவை இரண்டு துண்டு நிலம்:
தெற்கே பட்டினி,
வடக்கே குளிர்.
ஜெர்மனியில் வாழ்க்கைப்பட்ட தங்கை மட்டும்
இன்றுவரை எல்லாச் சாவும் சாகிறாள்.

ரொட்டியை வாங்கிக்கொண்டாள் கெஸையா.
வீட்டில் ஓட்ஸ் அடை இருந்தது. உருளைக்கிழங்கு இருந்தது.
இல்லாதது நிலக்கரி.
கேட்டதொன்று, கொடுத்ததொன்று. ஆனாலும்
மரத்தடுப்புக்கு அப்பால் நின்றுகொண்டு
மறுபேச்சு யார் பேசுவது?

ரொட்டி சூடாக இருந்தது. அதை வழியில்தான் கவனித்தாள்.
அதன்பிறகு நடக்கவில்லை, ஓடினாள்,
பனி மிதித்து, மேடேறி,
சால்வைக்குள் இரண்டு உயிரைக் கட்டியவள்போல்.
ஒன்றை டோர்கஸின் வயிற்றோடு சேர்த்துக் கட்டினாள்.
மற்றதைப் பாதங்களுக்கு அடியில் வைத்தாள்.
நாலு வயது. பிய்த்துத் தின்னப் போனவளை
"இப்ப வேணாம், இரு" என்று தடுத்தாள்.
விளக்கணைக்கும் நேரம்வரை
ரொட்டி ரொட்டியாக இல்லாமல்
அடுப்பாக இருந்தது.

வியாழன் இரவு.
வாடகை அறையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார் வென்டோவர்.
வீட்டுக்காரி மிஸஸ் ஹாக்ஸ்வொர்த்
எட்டிப் பார்த்துச் சொன்னாள்:
"ஸ்டார்வ் ஆகி உட்கார்ந்திருக்கிறீர்களே!"
"இல்லையம்மா, இப்போதுதான் சாப்பிட்டேன்" என்றார்.
அவளோ அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல்
கரிக்கூடையைச் சாய்த்து
கணப்பில் இரண்டு வாரி போட்டாள்.

அவர் பேனா அந்தரத்தில் நின்றது.
தீ பிடித்துக்கொண்ட சத்தம்
அறையில் தெளிவாகக் கேட்டது.

பதிவேட்டில் அந்த வரி அடிக்கப்பட்டிருக்கிறது.
மேலே வேறு மையில்: நிலக்கரி, ஒரு மூட்டை, உடனே.
தேதி வெள்ளிக்கிழமை.
முந்தின தேதிக்கும் இதற்கும் இடையே
ஐந்து இரவுகள்.

பெயர், தெரு, தொழில் எல்லாம் நிரப்பியிருக்கிறார்.
"பிள்ளைகள்" என்ற கட்டத்தில் மட்டும்
எழுத்து இல்லை.
பேனா அங்கே சற்று ஊன்றி நின்றிருக்க வேண்டும்,
எந்த வினைச்சொல் என்று தெரியாமல்,
அல்லது வெறும் மறதியில்.
ஒரு மைப்பொட்டு,
கதிர் விரிந்து,
உடுக்குறி அளவில்.